குடிக்கு மதிப்பெண் போடலாமா?

சென்ற மாதம் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒரு தாளைச் சுற்றிக் கொஞ்சம் சத்தம் எழுந்தது. அதை அனுப்பியவன் என் பழைய மாணவன். தமிழில் இளங்கலை முடித்துவிட்டு, ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் தரப்பரிசோதகனாக இருக்கிறான். பயிற்சிக்காகப் பெங்களூர் போனவன், அங்கே பியரைத் தாங்களே காய்ச்சி ஊற்றும் சிறு மதுவாலை ஒன்றில் ஆறு வகைகளைச் சிறு கோப்பைகளில் வாங்கிச் சுவைத்து, ஒவ்வொன்றுக்கும் 50க்கு மதிப்பெண் போட்டிருந்தான். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10. இந்தப் பகிர்வு அவன் கண்டுபிடித்ததன்று. 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் போட்டிகளுக்காக வகுத்துக்கொண்டது. தாளின் அடியில் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தான்: "ஐயா, கட்டங்களையெல்லாம் இங்கிலீஷில்தான் நிரப்ப முடிந்தது. தமிழில் சொல் இருக்குமா?"

மூத்த பேராசிரியர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். "குடிக்கிறது போதாதென்று குடிக்கு மதிப்பெண் வேறா? ஊரில் பிணம் விழுகிறது, இவர்களுக்கு ரசனை!" என்றார். அறை சிரித்தது. நான் அன்று பதில் சொல்லவில்லை. இக்கட்டுரைதான் அந்தப் பதில்.

முதலில் அவர் சொன்னதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பிணம் விழத்தான் செய்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே நஞ்சு 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. என் சித்தப்பாவும் குடியால் ஈரல் கெட்டு, நாற்பத்தாறு வயதில் போனவர்தான். குடியைப் போற்றிப் பாட எனக்கு எந்த நியாயமும் இல்லை.

ஆனால் பேராசிரியரின் வாதம் அங்கே நிற்கவில்லை. குடிப்பது தீமை, எனவே குடிப்பதைக் கூர்ந்து கவனிப்பது அதைவிடப் பெரிய தீமை என்று அது மேலே போகிறது. இந்த இரண்டாம் படியைத்தான் நான் மறுக்கிறேன். நம்மூரில் குடி இவ்வளவு கொடியதாக இருப்பதற்கு, குடிக்கிறவன் எதைக் குடிக்கிறோம் என்று கவனிக்காமல் இருப்பதும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

மாலை ஷிஃப்ட் விடும் நேரத்தில் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் நின்று பாருங்கள். 2003 முதல் தமிழகத்தில் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக்கின் கையில். கடை முன் நிற்கிறவர்கள் கேட்பவை மூன்றே: என்ன விலை, எவ்வளவு ஏறும், கூலிங் இருக்கிறதா. மணம் பற்றியோ சுவை பற்றியோ கேள்வியே எழுவதில்லை. இந்தியாவில் விற்கும் பியரில் பெரும்பகுதி 'ஸ்ட்ராங்' வகை. 8 விழுக்காடு வரை ஆல்கஹால் இருக்கலாம். அதைப் பல் கூசும் குளிர்ச்சியில் கடகடவென்று இறக்குகிறார்கள். கடுங்குளிர் நாக்கை மரக்கச் செய்யும், மணத்தை எழவிடாது. 'கூலிங்' என்ற ஒற்றை அளவுகோல், குடிக்கிறவன் எதையும் அறியாமலிருப்பதற்கான ஏற்பாடு.

என் மாணவன் வேலையில் வண்ணப்பூச்சின் மேலுள்ள மயிரிழைக் கீறலைக் கண்டு பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன். அவனுக்குப் பெங்களூரில்தான் ஒரு செய்தி தெரியவந்தது: பியருக்கும் குறைகள் உண்டு, அவற்றுக்குப் பெயர்களும் உண்டு. வெயில் பட்டால் ஹாப்ஸ் பூவின் கைப்புப் பொருள்கள் சிதைந்து ஒரு துர்வாடை கிளம்பும். பழுப்புப் புட்டி வந்தது அதைத் தடுக்கத்தான். காற்றுப் பட்டுப் பழையதானால் நனைந்த அட்டையின் சுவை வரும். நொதித்தல் முழுமை பெறாவிட்டால் வெண்ணெய் வாடை தங்கும். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிட்டு அவன் சொன்னது இது: "எங்கப்பா இருபது வருஷம் குடிச்சார் ஐயா. என்ன குடிச்சார்னு அவருக்கே தெரியாது. சரக்குன்னுதான் சொல்வார்."

'சரக்கு' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசியுங்கள். லாரியில் ஏற்றுவதும் சரக்கு, இவன் தொண்டையில் இறங்குவதும் சரக்கு. ஒரு மொழி தன் குடிவகைகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டது. இத்தனைக்கும் இதே மொழியில் தோப்பி, நறவு, தேறல், பிழி, மட்டு, அரியல் என்று வகை வகையாகப் பெயர்கள் இருந்தன.

எங்கள் ஊருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் 1906இல் பட்டினப்பாலைக்கு ஆராய்ச்சியுரை எழுதியவர். புலால் மறுத்த சைவர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்தப் பாட்டில், பட்டாடையைக் களைந்து மெல்லிய துகில் உடுக்கும் புகார் மகளிர், மட்டு என்ற ஒன்றை விலக்கி மது என்ற வேறொன்றை அருந்தி மகிழ்கிறார்கள். இரண்டும் குடிவகைதான். ஆனால் பொழுதுக்கு ஏற்ப ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்கிறார்கள். இதை விளக்கிக் கற்பிக்கும் நாங்கள், ஒருவன் ஆறு கோப்பைகளை ஒப்பிட்டுப் பார்த்தான் என்றவுடன் சிரிக்கிறோம்.

அதே புலவரின் பெரும்பாணாற்றுப்படை இன்னும் துல்லியமானது. காஞ்சி நோக்கிப் போகும் பாணன் வழியில் வலைஞர் குடியிருப்பில் தங்குகிறான். அங்கே அரிசிக் கூழை அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, முளைவிட்ட நெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்த மதுவைச் சுட்ட மீனோடு தருகிறார்கள். முளைத்த தானியம் தன் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும். சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக்கும். பார்லியை முளைகட்டி 'மால்ட்' ஆக்கி பியர் காய்ச்சுவதன் அடிப்படையும் இதுவே. இது நடந்தது தொண்டை நாட்டில். இன்று கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய உணவகங்கள் நிற்கும் ஸ்ரீபெரும்புதூரும் அதே நாட்டில்தான் இருக்கிறது.

உடனே சிலர், "பியரைக் கண்டுபிடித்தவன் தமிழன்" என்று கிளம்பிவிட வேண்டாம். சுமேரியரும் எகிப்தியரும் அதற்கு வெகுகாலம் முன்பே காய்ச்சினார்கள். யார் முதலில் என்பது இங்கே பொருட்டன்று. எத்தனை நாள் விளைந்தது, எந்தக் கலத்தில், எதனோடு உண்பது என்று சொல்ல அந்தச் சமூகம் கூச்சப்படவில்லை என்பதுதான் பொருட்டு.

"வள்ளுவரை மறந்துவிட்டீரே" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் அவருடைய கடுமையான குற்றச்சாட்டுகளில் ஒன்று, பொருள் கொடுத்துத் தன் மெய்யை அறியாத நிலையை வாங்குகிறான் என்பது. மாணவனின் தாளை அவரிடம் காட்டினால் நிச்சயம் கிழித்துத்தான் போடுவார். ஆனால் அவர் சுட்டிய நோய்க்கு எதிர்த்திசையில் இருப்பதும் அந்தத் தாள்தான். நான்கு மிடறு அருந்தி, மூக்கையும் நாவையும் கேட்டு, எழுதி, அடுத்த கோப்பைக்கு முன் தண்ணீர் குடிக்கிறவன் அறிவிழப்பை வாங்கப் போனவன் அல்லன். ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: சுவை பார்ப்பதால் ஆல்கஹால் நஞ்சு குறைந்துவிடாது, புற்றுநோய் உண்டாக்குவதில் அது ரசிகனென்றும் பாமரனென்றும் பார்ப்பதில்லை. நான் கேட்பது மன்னிப்பு அன்று, கவனம்.

இந்தக் கவனம் எப்படிப் போயிற்று? 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, பிறகு திரும்பியது, மறுபடி தளர்ந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இங்கே பனையேறி குற்றவாளி. காலையில் இறக்கிய கள்ளின் இனிப்பு மாலையில் எந்த அளவு புளிக்கும் என்று நாவால் சொல்லக்கூடிய ஒரு தொழில் அறிவு அழிந்தது. அந்த இடத்தில் வந்து அமர்ந்தது பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயம்; நிறமும் மணமும் சேர்த்து அதற்கு 'அயல்நாட்டு மது' என்று பெயர். அறத்தின் பெயரால் மெல்லிய பானத்தை விரட்டிவிட்டு வன்பானத்தை வருவாயாக்கிக்கொண்டோம். இதில் ரசனையைப் பழிக்க நமக்கு என்ன தகுதி?

மறுபக்கத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பெங்களூரிலும் புனேயிலும் கோப்பையைச் சுழற்றி 'சிட்ரஸ்', 'பிஸ்கட்' என்று ஒப்பிக்கும் புது ரசிகர்களிடம் எனக்கு மரியாதை குறைவு. அவர்கள் மதிப்பெண் போடுவது பெரும்பாலும் தங்களுக்கே. ஒரு கோப்பைக்குச் சில நூறு ரூபாய். எங்கள் ஒப்பந்தத் தொழிலாளியின் நாட்கூலியில் அது பாதி. ரசனை வசதியுள்ளவனின் சொத்தாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. இங்கிலாந்தில் பெருநிறுவனங்கள் மரபான பீப்பாய் பியரை ஒழித்து ஒரே மாதிரிச் சரக்கை ஊற்றத் தொடங்கியபோது, 1971இல் நான்கு பேர் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அவர்கள் பிரபுக்கள் அல்லர், சாதாரணக் குடிமக்கள். 1977இல் மைக்கேல் ஜாக்சன் என்ற பத்திரிகையாளர் (பாடகர் அல்லர்) உலக பியர் வகைகளைப் பெயர் சொல்லி வகுத்து நூல் எழுதினார். அதன் பிறகுதான் சாதாரணக் குடிமகன் கடைக்காரனிடம், "இது நான் கேட்டது இல்லை" என்று கோப்பையைத் திருப்பித் தரும் மொழியைப் பெற்றான். சுவைச்சொல் நுகர்வோனின் ஆயுதம். அதைப் பணக்காரனிடம் மட்டும் விட்டுவைப்பது யாருக்கு நன்மை?

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். தமிழில் சொல் இருக்கிறது. அவனோடு ஒருமுறை பெங்களூர் போய் நானும் சுவைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஜெர்மானிய முறைக் கோதுமை பியரில் கிராம்பும் கனிந்த வாழையும் மணக்கின்றன; இரண்டும் ஈஸ்ட் தருபவை. கறுத்த 'ஸ்டவுட்'டில் வறுத்த காப்பிக்கொட்டையும் அடிப்பிடித்த வெல்லப்பாகும். ஹாப்ஸ் மிகுந்த வெளிர் பியரின் கைப்பு, முதலில் வேப்பம்பூ ரசம் போல் தொட்டு, கடைசியில் நெல்லிக்காய் தின்றபின் வரும் துவர்ப்பாய் நிற்கிறது. புளித்த வகை ஒன்று மூன்றாம் நாள் நீராகாரமேதான். டிகிரி காப்பியில் சிக்கரி ஒரு பங்கு கூடினால் முகம் சுளிக்கும் சமூகத்துக்கு இந்த நாக்கு புதிதன்று.

இச்சொற்களைப் பட்டியலாக்கி அவனுக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தாள் வந்தது, இம்முறை முழுதும் தமிழில். ஒரே ஒரு பியர். அறைத்தோழன் எங்கிருந்தோ வாங்கிவந்த புட்டி. 50க்கு 19. மணம் என்ற கட்டத்தில் "வெயில் பட்ட வாடை" என்று எழுதியிருந்தான். கீழே ஒரு குறிப்பு: "பாதிதான் குடித்தேன் ஐயா, மீதியைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். அப்பா ஒருநாளும் அப்படி ஊற்றிப் பார்த்ததில்லை."

மூத்த பேராசிரியர் மேசையில் அந்தத் தாளையும் வைத்திருக்கிறேன்.