முதலில் நாடாவைக் காப்போம்

ஐந்தருவிச் சாலையிலுள்ள எங்கள் பழைய இல்லத்தின் பரணிலிருந்து சென்ற விடுமுறையில் ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினோம். 1986இல் வாப்பா துபாயிலிருந்து கொணர்ந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் கணிப்பொறியும் பன்னிரண்டு ஒலிநாடாக்களும் அதனுள் இருந்தன. உடன் வந்த மாணவர்கள் உடனே இயக்கிப் பார்க்கத் துடித்தனர். நான் தடுத்துவிட்டேன். தடுத்ததன் காரணத்தை அவர்களுக்கும் நம் பெரியோர்களுக்கும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

1982இல் இங்கிலாந்தில் வெளிவந்த இக்கருவியின் நினைவகம் பெருமளவாக 48 கிலோபைட்டே. மின்சாரம் நின்றால் அதில் எழுதியது முற்றும் அழியும். ஆதலின் எழுதிய நிரலைப் பாட்டுக் கேட்கும் டேப்ரிக்கார்டரில் ஒலியாகப் பதிந்து வைப்போம். மீண்டும் ஏற்றுகையில் முதலில் நெடியதொரு கூவல். பின்னர்ச் செவியைக் குடையும் கீச்சொலி. தொலைக்காட்சித் திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும். நினைவகம் நிரம்ப ஏறத்தாழ ஐந்து நிமிடமாகும். இடையே ஒலி சற்றுப் பிசகினும் மறுபடி முதலிலிருந்தே ஏற்ற வேண்டும். பொறுமைக்கு இதனினும் சிறந்த பயிற்சியை நான் கண்டதில்லை. அன்று அழுதது வேறு கதை. 1984இல் தொடங்கிய நடுவணரசின் பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோவும் நாடாவை ஏற்கும் இனத்தைச் சேர்ந்ததே.

கருவி பழுதுற்றால் வேறொன்று தேடலாம். அதனைப் போலவே இயங்கும் மென்பொருள் இன்று கைப்பேசியிலும் உண்டு. ஆனால், ஒரு சிறுவன் தன் கையால் தட்டிப் பதித்த நிரலுக்கு அந்நாடா ஒன்றே படி. ஓலைச்சுவடியைக் கையாளும் அதே அச்சம் இங்கும் வேண்டும் என்பேன்.

சாரல் வீசும் நம் மண்ணில் நாடாவில் பூசணம் படர்வது எளிது. வெண்படலம் கண்டதை ஓடவிடாது, தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஏனையவற்றில் மறுபதிவு நேராதபடி நாடாப்பெட்டி விளிம்பின் சிறு பிளாஸ்டிக் காதுகளை ஒடித்துவிட்டு, நல்ல டேப்ரிக்கார்டரில் ஓட்டி, அவ்வொலியைச் சுருக்காத கோப்பாக இன்றைய கணிப்பொறியில் சேமிக்க வேண்டும். அதன் பின்னரே பழைய கருவிக்கு மின்சாரம். அதிலும் ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் செருகியில் நடுமுனை எதிர்மின். கைக்குக் கிடைத்த அடாப்டரைச் செருகினால் கருவி கெடும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. வளைகுடா சென்ற நம் குடும்பத்தார் அந்நாளில் கடிதத்திற்கு மாற்றாகக் குரலைப் பதிந்து அனுப்புவர். வாப்பா அனுப்பிய அத்தகைய நாடா ஒன்றின்மேல், புது நாடா வாங்கக் காசில்லாத ஒரு மாலையில், வாய்பாடு சொல்லும் என் நிரலைப் பதித்துவிட்டேன். சரிபார்க்கும் கட்டளையையும் இட்டேன். பிழையில்லை என்றது கருவி. உம்மா கேட்டபோது நாடா அறுந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அதன்பின் அதனை ஓட்டிப் பார்க்கும் துணிவு வரவில்லை. 2009இல் வாப்பா மௌத்தானார்கள்.

என் நிரல் இரண்டு நிமிடமே இருக்கும். அதற்கப்பால் அவர்கள் குரல் எஞ்சியிருக்க வேண்டும்.

இத்தகைய பெட்டிகள் கடையநல்லூரிலும் தென்காசியிலும் எத்தனை பரணில் கிடக்கின்றனவோ! நம் தமிழ்த்துறை ஓர் அறையும் ஒரு டேப்ரிக்கார்டரும் ஒதுக்கி, நிரலாயினும் குரலாயினும் வரும் நாடாக்களைப் படியெடுத்து உரியவரிடமே திருப்பித் தரும் பணியை மேற்கொள்ளலாகாதா? எங்கள் பெட்டியை முதலாவதாகத் தருகிறேன். நடந்ததை உம்மாவிடம் சொல்லிவிட்டேன். படியெடுக்கும் நாளில் தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.