பத்தாயிரம் பேர் சரி... பதிவு சரியா?

போடிநாயக்கனூர் ஏல மையத்துக்கு வரும் வியாபாரி, மொத்தம் எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டுவிட்டு விலை சொல்வதில்லை. ஒவ்வொரு லாட்டின் சாம்பிளும் கைக்கு வர வேண்டும். நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், அதன் பிறகுதான் விலை. ஏலக்காய்க்கே இவ்வளவு சோதனை என்றால், மனிதர்களின் ரத்தத்தை வாங்கிச் செய்யும் ஆய்வுக்கு எவ்வளவு வேண்டும்?

2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் 20 நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. 2025 ஜனவரியில் 10,000 பேரின் மரபணுத் தரவு வெளியானது. நல்ல காரியம்தான். ஆனால் இனி இதை வைத்து, எந்த மரபணு எந்த நோயோடு தொடர்புடையது என்று தேடுவார்கள். அங்கேதான் ஆபத்து!

நோய் உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் மறுபக்கம். லட்சக்கணக்கான இடங்களில் இருவரின் மரபணுவையும் ஒப்பிடுவதுதான் இந்த ஆய்வு. ஆட்களைக் கூட்டினால் தற்செயலான பிழை குறையும், உண்மை. ஆனால் ஒரே பக்கம் சாய்ந்த பிழை குறையாது. ஆள் கூடக்கூட அது இன்னும் உறுதியான உண்மை போல வேஷம் போடும்.

கற்பனை இல்லை இது. நூறு வயது வாழ்பவர்களின் மரபணுக்களைக் கண்டுபிடித்ததாக பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். நூறு வயதுக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே வகைச் சிப்பில் சோதனை நடக்கவில்லை. ஒரு சிப்பில் பிழை இருந்தது. 2011இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆயுளின் ரகசியம் என்று நினைத்ததில் ஒரு பங்கு சிப்பின் கோளாறு!

சரி, போடி மலைக்கு வருவோம். விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தொழிலாளியிடம் "சர்க்கரை இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். வாழ்நாளில் ஒரு முறைகூட சோதித்திராதவர் வேறு என்ன சொல்வார்? படிவத்தில் 'ஆரோக்கியமானவர்' என்று ஏறிவிடும். இதை எந்த ஆய்வகக் கருவி திருத்தும்?

நோயாளிகளை மதுரை மருத்துவமனையில் எடுத்து, ஆரோக்கியமானவர்களைக் குரங்கணிப் பக்கத்து முதுவர் குடிகளில் எடுத்தால்? இரண்டு சமூகங்களுக்கு இடையே உள்ள பரம்பரை வேறுபாடு 'நோய் மரபணு' ஆகிவிடும். கணினியில் சரிசெய்யலாம் என்பார்கள். இரு பக்கமும் முழுக்க வேறு வேறு சமூகமாக இருந்தால் எந்தக் கணக்கும் பிரித்துக் காட்டாது.

வெளிநாட்டுச் சல்லடையையும் அப்படியே இங்கே பிடிக்க முடியாது. அத்தை மகள், அக்காள் மகள் என்று உறவில் மணம் முடிக்கும் ஊர் இது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே வடிவ மரபணு வருவது இங்கே அதிகம். ஹார்டி-வெயின்பெர்க் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால், உண்மைத் தரவே கருவிப் பிழை என்று குப்பைக்குப் போகும். சல்லடையே வேண்டாம் என்றால் பிழை உள்ளே வரும். கண்ணின் அளவை இந்த மண்ணுக்கு ஏற்ப வைக்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: கணக்கு. வந்த மாதிரி எத்தனை, தள்ளியது எத்தனை, ஏன் தள்ளினார்கள், நோய் இல்லை என்று எப்படி உறுதி செய்தார்கள், இரு பக்கமும் ஒரே கருவியா? ஐந்தொகை போல ஒவ்வொரு ஆய்வும் இதை வெளியிடட்டும். தணிக்கை ஆகாத கணக்கை நம்பிப் பெரிய கடன் தர வங்கிகள் தயங்கும். ரத்தம் தந்தவர்கள் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?