கணக்கில் வராத புளியோதரை

சனிக்கிழமை விடியற்காலை மூன்றரை மணி. தெருவே தூங்குகிறது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் சமையலறை விளக்கு எரிகிறது. முதல் நாள் ராத்திரியே காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சல் ஒரு பக்கம், வடித்து ஆற வைத்த சாதம் இன்னொரு பக்கம். அப்புறம் தயிர்சாதம், இட்லி, மிளகாய்ப்பொடி, உருளைக்கிழங்கு வறுவல், பாட்டிக்கு உப்பு குறைத்துத் தனி டப்பா, குழந்தைக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீர். ஐந்து மணிக்கு வேன் வந்து ஹார்ன் அடிக்கும்போது எல்லோரும் குளித்து, புதுச்சட்டை போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டித் தயாராக நிற்பார்கள். ஒருவர் மட்டும் ஈரத்தலையில் துண்டோடு, கேஸை மூடினோமா, பின்கதவைப் பூட்டினோமா என்று ஓடிக்கொண்டிருப்பார். "இன்னும் கிளம்பலையா நீ? உன்னாலதான் லேட்டு" என்று வாசலிலிருந்து குரல் வரும்.

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு குடும்பச் சுற்றுலா கிளம்பிவிட்டது! (2006-லேயே பெயர் புதுச்சேரி என்று மாறிவிட்டது. ஆனால் வேனில் ஏறுகிற யாருக்கும் அது இன்னமும் பாண்டிதான்.)

இது எந்தக் குடும்பம் என்று தேட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனிக்கிழமை காலை போகிற எந்த வேனை நிறுத்திப் பார்த்தாலும் பின் சீட்டுக்கு அடியில் அந்தக் கட்டைப்பை இருக்கும். அதன் மேல் ஒரு கையை வைத்தபடி ஓர் அம்மா இருப்பார்.

சுமார் 150 கிலோமீட்டர். ரொம்பத் தூரமில்லை. இரண்டு நாளில் போய் வந்துவிடலாம், செலவும் அதிகமில்லை. "தலைக்கு இவ்வளவுதான் ஆச்சு" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். வேன் வாடகை, டீசல், டோல், பார்க்கிங், ரூம், படகு டிக்கெட் எல்லாம் சரியாக எழுதிக் கூட்டி, தலையை எண்ணி வகுத்திருப்பார். கணக்கில் ஒரு பைசா தப்பிருக்காது.

ஆனால் கணக்கே தப்பு.

கணக்குப்பதிவியல் படிப்பவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருவது இரட்டைப் பதிவு. பெறுபவர் ஒருவர் இருந்தால் தருபவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த வேனில் எல்லோரும் எதையோ பெற்றார்கள்: சாப்பாடு, துவைத்த துணி, தலைவலி மாத்திரை, பையைப் பற்றிய கவலை இல்லாமல் கடலில் கால் நனைக்கிற நிம்மதி. தந்தவர் கணக்கு எங்கே? அப்படி ஒரு பக்கமே நோட்டில் கிடையாது. குடும்பச் சுற்றுலா மலிவாக முடிகிறது என்றால், அதன் பெரும்பங்கை ஒருவர் கூலி வாங்காமல் கட்டிவிட்டார் என்று அர்த்தம். மற்றவர்கள் சுற்றுலா போனார்கள். அம்மா இடம் மாறி வேலை பார்த்துவிட்டு வந்தார்.

கொஞ்சம் கடுமையாகத் தெரிகிறதா? ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம்.

முதலில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கப்பட்ட நகரம். மனித ஒற்றுமைக்காக உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் கட்டியது. பார்வையாளர் மையத்திலிருந்து மாத்ரிமந்திரைப் பார்க்கும் இடத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாட்டிக்கு முட்டி வலி. பாட்டியுடன் யார் உட்காருவது? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. பதில் முன்பே முடிவாகிவிட்டது. "நீங்க போயிட்டு வாங்க, நான் அத்தைகூட இருக்கேன்."

அடுத்தது சுண்ணாம்பாறு படகுத்துறை. படகில் பாரடைஸ் பீச்சுக்குப் போய் வரலாம். அங்கே பை, செருப்பு, மாற்றுத்துணி, செல்போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "எனக்குப் படகுன்னா பயம்ப்பா" என்பார் அம்மா. அந்தப் பயம் நிஜமா, ஒரு டிக்கெட் மிச்சமாகட்டும் என்று சொன்னதா என்று யாராவது ஒரு தரமாவது கேட்டதுண்டா?

சாயங்காலம் கடற்கரைச் சாலை. ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் பார்த்துக்கொண்டு காற்றாட நடக்கலாம். அந்த நேரம் பார்த்து அப்பாவும் சித்தப்பாவும் "கொஞ்சம் வெளியில போயிட்டு வர்றோம்" என்று கழன்றுகொள்வார்கள். பாண்டியில் அதற்கு அர்த்தம் கேட்கத் தேவையில்லை :-) குழந்தைகளைக் கடற்கரைப் பாறைகளில் ஏறவிடாமல் இழுத்துப் பிடிக்கிற வேலையும் அம்மா, சித்தி தலையில்.

அந்தப் பாறைகளுக்கும் ஒரு கதை உண்டு. பாண்டியில் முன்பு நல்ல மணல் கடற்கரை இருந்தது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வந்துகொண்டிருந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே நகரத்தின் கடற்கரையும் மீனவக் கிராமங்களின் கரையும் கரைந்து போயின. கரையைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டினார்கள். 2018-இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியது. துறைமுகத்தின் பலன் ஓரிடத்தில், செலவு வேறொருவர் வாசலில். பொருளியலில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். கட்டியவர் கணக்கில் எழுதாத செலவை வேறு யாரோ கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பாறைக்குப் பக்கத்தில் எல்லோருடைய செருப்பையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவும் அப்படித்தான்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. தண்ணீர்.

வேன் கிளம்பியதிலிருந்து அம்மா தண்ணீர் குடிக்கமாட்டார். நடுவழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்குமா என்ற பயம். ஆண்கள் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். பெண்கள் மூன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டு வருவார்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். திரும்பி வந்ததும் நீர்க்கடுப்பு. "வெயில் ஒத்துக்கலை" என்று அதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். வெயில் என்ன பாவம் செய்தது?

இத்தனைக்கும் இந்த ஊரின் அடையாளமே தண்ணீர் தந்த ஒரு பெண்தான். பாரதி பூங்காவின் நடுவில் இருக்கிற வெள்ளை மண்டபத்துக்கு ஆயி மண்டபம் என்று பெயர். ஆயி ஒரு தாசி என்றும், அவளுடைய மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்ட கிருஷ்ணதேவராயர் ஆத்திரத்தில் அதை இடிக்கச் சொன்னார் என்றும், அவள் தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்றும் ஒரு செவிவழிக் கதை. பிரெஞ்சுக்காரர்கள் பிற்பாடு முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அவள் நினைவாக இந்த மண்டபத்தை எழுப்பினார்கள். இன்று புதுச்சேரி அரசின் சின்னமே இதுதான். வீட்டை இழந்து ஊருக்குத் தண்ணீர் தந்த பெண்ணின் மண்டபத்துக்கு முன்னால் நின்று குடும்பமே போட்டோ எடுத்துக்கொள்கிறது. அந்த போட்டோவை எடுத்துத் தருகிற அம்மா காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவில்லை.

அப்புறம் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908 முதல் 1918 வரை பத்து வருடம் அவர் இந்த ஊரில்தான் இருந்தார். இப்போது அந்த வீடு நினைவு இல்லம். அதற்கு மட்டும் நேரம் இருக்காது. "வீட்டுல என்ன பார்க்கிறதுக்கு இருக்கு?" பெண் விடுதலை பேசியவர் வீட்டைப் பார்க்க நேரமில்லாமல் வேன் ஓடுவதும் பொருத்தமாகத்தான் இருக்கிறது!

சரி, எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம்.

"அம்மாவுக்கு அதுலதான் சந்தோஷம்." இருக்கலாம். ஆனால் ஒருவரின் விருப்பம் என்னவென்று தெரிய அவர் முன்னால் இரண்டு வாய்ப்பாவது இருக்க வேண்டும். "இன்னைக்கு நான் பையைப் பார்த்துக்கிறேன், நீ படகுல போ" என்று ஒருமுறையாவது சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் சந்தோஷத்தைப் பற்றிப் பேசலாம்.

"ஹோட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது." நியாயம்தான். பத்துப் பேருக்கு இரண்டு நாள் மூன்று வேளை என்றால் நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. பாட்டிக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதும் உண்மை. ஆனால் கட்டுச்சோறு வேண்டும் என்பதிலிருந்து அதை ஒருவரே கட்ட வேண்டும் என்பது எப்படி வருகிறது? சிக்கனம் குடும்பத்துடையது என்றால் உழைப்பும் குடும்பத்துடையதாக இருக்கட்டும். காலேஜில் படிக்கிற பையனுக்கு மூன்றரை மணிக்கு எழுந்து கிரிக்கெட் மேட்ச் பார்க்கத் தெரியும். புளியோதரை கிளறத் தெரியாதா?

"அப்பாவும்தான் கஷ்டப்படுறார்." படுகிறார், யார் இல்லை என்றது? பணம் அவருடையது, வேன் பேசுவதும் ரூம் போடுவதும் அவர்தான். ஆனால் அவருடைய கஷ்டத்துக்குப் பெயர் இருக்கிறது. "யார் கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேட்டால் குழந்தை "அப்பா" என்றுதான் சொல்லும். அம்மா கூட்டிட்டுப் போனாங்க என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை.

"வீட்டுக்குள்ளேயே கிடக்காம நாலு இடம் பார்க்கிறாளே!" பல அம்மாக்களே இப்படிச் சொல்வார்கள். இருப்பதிலேயே மனசைப் பிசைகிற பதில் இதுதான். வேறு அடுப்பங்கரைக் காற்றுக்கே நன்றி சொல்கிற அளவுக்கு அவர்களுக்குக் கிடைத்திருப்பது குறைவு.

இது ஒரு வேனின் பிரச்சினை மட்டும் இல்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, 2024: கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-ம் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரிதான், கை வைக்காதவர்கள் அதில் சேர்த்தி இல்லை. இந்த உழைப்பு தேசிய வருமானத்திலும் ஏறுவதில்லை. ஒரு ஆண் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்று பொருளியலாளர் பிகு 1920-லேயே சுட்டிக்காட்டினார். வேலை அதேதான், சம்பளம் மட்டும் நின்றுவிட்டது! நூறு வருடம் தாண்டியும் தேசக் கணக்கும் அப்பாவின் நோட்டுக் கணக்கும் அந்த இடத்தில் ஒன்றாகவே இருக்கின்றன.

என்ன செய்யலாம்? புரட்சி எல்லாம் வேண்டாம். பத்து இடத்தை நாலாகக் குறைக்கலாம். பட்டியலில் ஓரிடமாவது அம்மா சொன்னதாக இருக்கட்டும். பையையும் பாட்டியையும் பார்த்துக்கொள்ள முறை போட்டுக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல கழிப்பறை இருக்கிற இடமாகப் பார்த்து, யாரும் கேட்கும் முன்பே வண்டியை நிறுத்தலாம். ஞாயிறு ராத்திரி வீடு திரும்பியதும் அழுக்குத் துணியையும் சாப்பிட்ட டப்பாக்களையும் மற்றவர்கள் கழுவலாம். இதில் எதற்கும் பத்து ரூபாய்கூட அதிகம் ஆகாது.

திங்கட்கிழமை ஆபீஸில் அப்பாவிடமும், காலேஜில் பையனிடமும் "பாண்டி எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். வீட்டில் மணல் ஒட்டிய துணியை அலசிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், யாருக்கு வாந்தி வந்தது, எந்த டப்பா மூடி தொலைந்தது என்று எல்லாம் சொல்வார். கடல் எப்படி இருந்தது என்று மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.