இருபத்துநான்கு வயதில் மீண்டும் முதற்படி

எமது இல்லங்களில் அண்மைக்காலமாக அடிக்கடி எழுகின்ற ஒரு வழக்கைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகின்றோம். ஏரிக்கரை விடுதியொன்றின் சமையலறையில் ஐந்து ஆண்டுகளாக உழைத்து வரும் இருபத்துநான்கு வயது இளைஞன், அவ்வேலையை விட்டு, வெப்பமூட்டும் குழாய்களைப் பொருத்தும் தொழிலைக் கற்கப் போவதாகக் கூறுகின்றான். "பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விடாதை" என்கின்றார் தந்தை. "இந்த வயசிலை சின்னப் பெடியளோடை பள்ளிக்கூடம் போகப் போறியோ? சனம் என்ன சொல்லும்?" என்கின்றார் தாய். வேலை கிடைப்பதே அரிதான காலத்தில் இவ்வச்சம் இயல்பானதே. ஆயினும், அச்சம் ஒன்றே தீர்ப்பு வழங்கிவிடக் கூடாது என்பதே எமது கருத்தாகும்.

முதலில் நாம் எமது கடந்த காலத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சுவிஸ் மண்ணில் வந்திறங்கிய எம்மில் பெரும்பாலோர், கற்ற தொழிலை இங்கு செய்யவில்லை. கரும்பலகையின் முன் நின்ற ஆசிரியரும், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவரும், கடலில் வலை வீசியவரும் ஒரே சமையலறையில் தட்டுக் கழுவினோம். தொழில் மாற்றம் எமக்குப் புதிதன்று. ஆனால், அதனை நாம் தெரிவு செய்யவில்லை. காலம் எம்மீது சுமத்தியதைச் சுமந்தோம். 1990இல் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்த இந்நாட்டின் வேலையின்மை, 1997இல் ஐந்தைத் தாண்டியது. கையில் இந்நாட்டுச் சான்றிதழ் எதுவுமின்றி வேலை தேடி அலைவது எத்தகையது என்பதை எம்மவர் பலர் அவ்வாண்டுகளில் அறிந்துகொண்டனர். பயணத்துக்குப் பட்ட கடனும், ஊரிலிருந்தோரின் எதிர்பார்ப்பும், குழந்தைகளின் பசியும் எம்மை மீண்டும் கற்கவிடவில்லை. எமக்குக் கிட்டாத அந்தத் தெரிவு இன்று பிள்ளையின் முன் நிற்கின்றது. அதன் கதவை நாமே சாத்தலாமா?

பெற்றோர் போடும் கணக்கு என்ன? பயிற்சிக் காலத்துச் சம்பளம் சமையலறைச் சம்பளத்தின் ஒரு பங்கே. எனவே நான்கு ஆண்டுகள் நட்டம் என்கின்றனர். கணக்குப் பிழையன்று, ஆனால் பாதியில் நின்றுவிடுகின்றது. தொழில் கல்லாதவனின் சம்பளம் நாற்பத்துநான்கு வயதிலும் பெரிதாக உயர்ந்திருக்காது. அவனது முதுகும் முழங்காலும் மட்டும் இருபது ஆண்டு தேய்ந்திருக்கும். உணவகத் தொழிலின் கூட்டு ஒப்பந்தமே சான்றிதழ் உள்ளவருக்கு ஒரு குறைந்தபட்சச் சம்பளத்தையும் இல்லாதவருக்கு அதனினும் குறைந்த ஒன்றையும் விதித்திருக்கின்றது.

வழிகள் முன்னரிலும் பார்க்க இன்று அதிகம். அகதிகளாக ஏற்கப்பட்டோருக்கும் எஃப் அனுமதி உடையோருக்குமென ஓராண்டு முன்பயிற்சி ஒன்று 2018இல் தொடங்கப்பட்டது. அதன் பின்னர் இரண்டாண்டு லேர, அல்லது மூன்று, நான்கு ஆண்டு லேர எனப் படிப்படியாக ஏறலாம். 2019 முதல் இவர்களை வேலைக்கு அமர்த்த முதலாளி முன்னனுமதி பெறத் தேவையில்லை, அறிவித்தலே போதுமானது. துறையில் அனுபவத்துடன் ஐந்தாண்டு உழைத்த வயது வந்தோர், பயிற்சி ஒப்பந்தமின்றியே இறுதித் தேர்வுக்குத் தோற்றவும் சட்டம் இடமளிக்கின்றது. சமையலறையை விட விரும்பாதோர் இவ்வழியால் முறையான சமையற்காரர் ஆகலாம்.

"வேலையை விட்டால் வதிவிட அனுமதிக்கு ஆபத்து வராதோ?" என்பது பலரது கேள்வி. வெளிநாட்டவர் சட்டம் ஒருவரது ஒருங்கிணைவை அளக்கும்போது, வேலை செய்வதையும் கல்வி பெறுவதையும் ஒரே வரியில் வைத்தே நோக்குகின்றது. பயிற்சியில் இருப்பவன் சும்மா இருப்பவன் அல்லன். மேலும், கற்கும் பிள்ளைக்கு 25 வயது நிறையும் வரை, உழைக்கும் பெற்றோர் கல்விக் கொடுப்பனவு பெறலாம். 2025 முதல் அது மாதம் குறைந்தது 268 பிராங்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். மேலாளருடன் ஏற்பட்ட பிணக்குக்காகத் தொழிலை மாற்றாதீர்கள். அது இடத்தை மாற்ற வேண்டியதற்கான காரணம் மட்டுமே. பயிற்சி ஒப்பந்தம் கைக்கு வருமுன் பதவி விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். வேறு வேலை உறுதியாகாத நிலையில் தாமாகவே விலகுபவருக்கு வேலையிழப்புக் கொடுப்பனவு பல வாரங்களுக்கு மறுக்கப்படும். விடுமுறை நாட்களில் ஸ்னுப்பர் செய்து, குளிரிலும் தூசியிலும் அத்தொழில் எப்படி இருக்கின்றது என்று பாருங்கள். மாலை வேளைகளில் ஜெர்மன் மொழியைத் திருத்துங்கள். பலர் தோற்பது கைவேலையில் அன்று, தொழிற்பாடசாலையின் எழுத்துத் தேர்விலேயே.

எத்தொழிலை நாடுவது என்பதிலும் எமது பழைய மதிப்பீடுகள் துணை செய்யா. வங்கி வேலை என்றால் வாழ்நாள் வேலை என எண்ணினோம். 1856இல் தோன்றிய கிரெடிட் சுவிஸ் வங்கி, 2023 மார்ச் மாதத்தில் ஒரு வார இறுதிக்குள் போட்டி வங்கியின் கைக்குப் போனதைக் கண்டோம். மறுபுறம், தாதியர் பற்றாக்குறையைத் தீர்க்குமாறு இந்நாட்டு மக்கள் 2021 நவம்பரில் வாக்களித்தனர். அலுவலக நாற்காலியை விட்டுத் தாதிமைக்குச் செல்ல விரும்பும் மகளை "நோயாளியைக் கழுவிற வேலையோ?" எனக் கேட்டுத் தடுக்கும் வீடுகள் இன்னும் உண்டு. கட்டிலில் நாம் விழும் நாளில் எம்மைக் கழுவ வருபவர் யாரோ ஒருவரது மகளே என்பதை அவ்வீட்டார் மறந்துவிட்டனர்.

முடிவாகப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபம் எடுக்கச் சீட்டுக் கட்டுகின்றோம். திருமணத்துக்கும், தங்கநகைக்கும், ஊரில் மாடி வீட்டுக்கும் சீட்டுக் கட்டுகின்றோம். பிள்ளையின் நான்காண்டுப் பயிற்சிக்கெனச் சீட்டுக் கட்டியவர் எம்மில் எத்தனை பேர்? வீட்டு வாடகையில் அவன் தரும் பங்கை நான்கு ஆண்டுகளுக்கு மன்னியுங்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தில் அவனது பங்கை அண்ணனோ அக்காவோ சிறிது காலம் ஏற்கட்டும். சம்பந்தம் பேச வருவோர் "தம்பி என்ன செய்யிறார்?" எனக் கேட்டால், "தொழில் படிக்கிறார்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அவ்வார்த்தையைப் பெற்றோர் வாயிலிருந்து கேட்கும் பிள்ளை, பதினாறு வயதினர் நடுவே அமர்ந்து பாடம் எழுதுவதற்கு வெட்கப்படமாட்டான்.