கொள்ளையும் பங்கும்

மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகுகள் அசையாமல் நிற்கும். வலையைச் சீர்செய்தது போக மிஞ்சும் பொழுதில் இளைஞர்கள் கூடும் திண்ணைகளில் இப்போது கைப்பேசியும் மடிக்கணினியும்தான். அப்படியொரு திண்ணையில் என் அண்ணன் மகன் ‘பேடே 2’ என்னும் கணினி விளையாட்டை எனக்குக் காட்டினான். முகமூடி அணிந்த நால்வர் வங்கியொன்றில் புகுந்து பெட்டகத்தைத் துளையிடுகிறார்கள். துளைக்கும் கருவி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். ஒருவன் அதைச் சரிசெய்ய, மற்றவர்கள் காவலர்களைத் தடுக்க வேண்டும். வீழ்ந்தவனை இன்னொருவன் ஓடிவந்து தூக்கிவிட வேண்டும். (கொள்ளையை விளையாட்டாக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஜம்புலிங்கம் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.)

எங்கள் கரையில் படகு கடலுக்குப் போகுமுன்பே பங்கு பேசப்பட்டுவிடும். படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு. பாடு குறைந்த நாளில் எவரும் கணக்கை மாற்றுவதில்லை. மாற்றினால் மறுநாள் அந்தப் படகுக்கு ஆள் கிடைக்காது. சுவீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனம் இந்த எளிய பாடத்தை மிக அதிக விலை கொடுத்துக் கற்றது என்பது என் எண்ணம்.

ஓவர்கில் என்னும் சிறு குழு 2011-இல் முதல் பாகத்தை வெளியிட்டது. மறு ஆண்டே அக்குழு ஸ்டார்பிரீஸுடன் இணைந்தது. 2013-இல் வந்த இரண்டாம் பாகம் பெருவெற்றி. விளையாட்டுக்குள் சில்லறை வசூல் இராது என்று தயாரிப்பாளர்கள் அப்போது வாக்களித்திருந்தார்கள். 2015 அக்டோபரில் அந்த வாக்கு போயிற்று. ஆட்டத்தில் கிடைக்கும் பெட்டகத்தைத் திறக்க, இரண்டரை டாலர் கொடுத்துத் துளைப்பான் வாங்க வேண்டுமாம்! கொள்ளையர்களாக நடிக்க வந்தவர்களிடமே கைவைத்தார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். 2016-இல் விளையாட்டின் முழு உரிமையையும் வாங்கியபின் நிறுவனம் பெட்டகங்களைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. 2017-இல் ஐம்பது லட்சம் பிரதிகளை இலவசமாகவே வழங்கியது.

கூட்டம் திரும்பியது, நிறுவனத்தின் கண்ணோ வேறெங்கோ போயிற்று. மெய்நிகர்க் கருவிகள், பிறர் விளையாட்டுகளின் பதிப்புரிமை என்று கை நீண்டது. 2016 இறுதியில், 1997-இல் தொடங்கப்பட்ட பெங்களூரின் துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தின் பெரும்பங்கை ஏறத்தாழ 85 லட்சம் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2018 நவம்பரில் வெளியான ‘வாக்கிங் டெட்’ விளையாட்டு படுதோல்வியடைய, அடுத்த மாதமே ஸ்டார்பிரீஸ் நீதிமன்றத்தின் மறுசீரமைப்புப் பாதுகாப்பை நாடியது. 2019-இல் துருவா, ராக்ஸ்டார் நிறுவனத்திடம் ஏறத்தாழ 79 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. இந்திய விளையாட்டுத் துறையின் முன்னோடி ஒன்று, எங்கோ ஸ்டாக்ஹோமில் போட்ட தப்புக் கணக்கினால் மூன்றாண்டுக்குள் இருமுறை கைமாறியது. நம் பத்திரிகைகள் இதைப் போதிய அளவு எழுதவில்லை என்ற மனக்குறை எனக்குண்டு.

2023 செப்டம்பரில் மூன்றாம் பாகம் வந்தது. தனியாக விளையாடுவதற்கும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். வெளியான முதல் நாட்களிலேயே அந்த சர்வர்கள் சரிந்தன. பணம் கொடுத்தவர்கள் வாசலில் நின்றார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2024 மார்ச்சில் தலைமை நிர்வாகி நீக்கப்பட்டார். தொடர்பின்றித் தனியே ஆடும் வசதி அதே ஆண்டு வந்தது, ஆனால் போனவர்கள் போனவர்கள்தாம். மின்சாரமும் இணையமும் நினைத்தபோது போகும் தீவுக்காரனுக்கு இதில் ஒரு தனி எரிச்சல் உண்டு. கடையில் வாங்கிய சதுரங்கப் பலகையை விரிக்க, விற்றவனிடம் தினமும் அனுமதி கேட்க வேண்டுமா?

பத்து வயது மூத்த இரண்டாம் பாகத்தையே இன்றும் கூடுதலானோர் ஆடுகிறார்கள். 2025-இல் நிறுவனம் மூன்றாம் பாகத்தின் வெளியீட்டு உரிமையைத் திரும்ப வாங்கியது. தான் உருவாக்கிக்கொண்டிருந்த இன்னொரு பெரிய விளையாட்டையும் கைவிட்டு, இந்தத் தொடரிலேயே முழுக் கவனத்தையும் செலுத்தப்போவதாக அறிவித்தது. அண்ணன் மகனிடம் சொன்னேன். துளைப்பான் சிக்கிக்கொண்டிருந்ததால் அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.