‘லைட் கலரா காட்டுங்க’

பெரிய ஜவுளிக்கடையில் முகூர்த்தப் பட்டு எடுக்கும் தளத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், அந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும். “பொண்ணு கொஞ்சம் மாநிறம், லைட் கலரா காட்டுங்க.” சொல்பவர் பெண்ணின் அம்மாவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், மாப்பிள்ளை வீட்டு அத்தையாகவும் இருக்கலாம். விற்பனையாளர் மறுபேச்சுப் பேசாமல் அரக்கையும் மயில்கழுத்தையும் மடித்து ஓரம் தள்ளிவிட்டு, வெளிர் ரோஸையும் சந்தன நிறத்தையும் விரித்துப் போடுவார். கட்டப்போகிறவளை யாரும் கேட்பதில்லை.

கறுப்பாக இருப்பவர்களுக்கு அழுத்தமான நிறம் எடுக்காது என்ற இந்த நம்பிக்கை, பள்ளி ஆண்டுவிழாப் பாவாடையில் தொடங்கி அறுபதாம் கல்யாணப் புடவை வரை ஒரு பெண்ணை விடாமல் துரத்துகிறது. அனுபவத்தில் கண்ட உண்மையைப் போல எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். இத்தனைக்கும், தனக்குத் தானே வைத்துக்கொண்ட நோக்கத்தைக்கூட இந்த விதியால் நிறைவேற்ற முடியாது.

நோக்கம் என்ன? முகம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு நிறத்தைக் கண் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. பாரிஸில் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம் ஒரு புகார் வந்தது: ஆலையின் கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறதாம். அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை. அந்த நூலை எந்த நிறத்துக்குப் பக்கத்தில் வைத்து நெய்தார்கள் என்பதில்தான் கோளாறு. அங்கிருந்து தொடங்கி அவர் எழுதிய நிற முரண் பற்றிய பெரிய நூல் 1839இல் வெளிவந்தது. பெண்களின் முகநிறத்துக்கு எந்த உடை எப்படித் தெரியும் என்றும் அதில் பேசியிருக்கிறார். அவர் வகுத்த அடிப்படை இன்றும் ஓவியப் பள்ளிகளில் முதல் பாடம். ஒரே சாம்பல் நிறத்தை வெள்ளைமேல் வைத்தால் கறுத்துத் தெரியும், கறுப்புமேல் வைத்தால் வெளுத்துத் தெரியும். அந்தக் கணக்குப்படி, மாநிற முகத்துக்குக் கீழே வெளிர் சந்தனத்தைச் சுற்றினால் முகம் இன்னும் ஒரு படி அழுத்தமாகத்தான் தெரியும். அத்தையின் ஆசைக்கு அத்தையே குழி பறிக்கிறார்.

கேமராவும் அத்தையின் பக்கம் இல்லை. ஒளியைத் தானாக அளக்கும் பழைய முறை, எதிரே இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டகம் முழுக்க வெளிர் பட்டும் வெள்ளை வேட்டியும் நிறைந்திருந்தால் அது ஒளியைக் குறைக்கும். குறைந்த ஒளியில் முதலில் அடிபடுவது முகம்தான். அதைச் சரிக்கட்டப் படக்காரர் பளீரென்று ஃபிளாஷ் அடிப்பார், பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தை வெளுப்பார். கல்யாண ஆல்பங்களில் முகம் ஒரு நிறமாகவும் மருதாணிக் கை இன்னொரு நிறமாகவும் இருப்பதன் ரகசியம் இது. முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து அளக்கும் போன்கள் வந்தபின் தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அதற்கும் முந்தைய பிலிம் காலத்தில் அநியாயம் ரசாயனத்திலேயே இருந்தது. கோடக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வருவதில்லை என்று முறையிட்ட பிறகுதான் பழுப்பின் நுணுக்கங்களைப் பிடிக்கும் பிலிமுக்கு வழி பிறந்தது. கறுத்த மனிதர்களின் முகத்துக்காக வராத அக்கறை மேசை நாற்காலிக்காக வந்தது! அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்து, “அரக்குப் புடவையில நான் எவ்வளவு கறுப்பா விழுந்திருக்கேன் பாரு” என்று பெண்கள் தங்களையே நொந்துகொண்டார்கள். பழி அட்டைக்குப் போகவில்லை, புடவைக்குப் போனது.

நம் தறிகளைக் கேட்டால் வேறு கதை சொல்லும். சோழமண்டலக் கரையின் துணிகளுக்குக் கடல் கடந்து பெயர் வாங்கித் தந்தவை சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும். செட்டிநாட்டுக் கண்டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, அரக்கு, கறுப்பு. உடலெல்லாம் பட்டை பட்டையான கட்டங்கள், அதோடு அகலக் கரை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் புடவையை வாழையடி வாழையாகக் கட்டியவர்கள் வெயிலில் காய்ந்த ஊரின் பெண்கள். காஞ்சிபுரத்தின் கோர்வைப் புடவையோ உடலும் கரையும் ஒன்றோடொன்று சண்டைக்கு நிற்பதையே அழகாக்கிய வேலை: மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை, வாடாமல்லிக்குப் பச்சைக் கரை. மாநிறமும் கறுப்பும் பெரும்பான்மையாக இருக்கும் மண்ணில், அந்த மேனிகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நெசவாளர்களும் சாயக்காரர்களும் சேர்த்த வண்ண வரிசை இது. இதில் பாதியைக் கறுத்த பெண்ணுக்கு ஆகாது என்று தள்ளுவதற்கு நல்ல துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பது பரம ரகசியம் ஒன்றுமில்லை. 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ சந்தைக்கு வந்தது. வெளுத்தால் வேலை கிடைக்கும், வெளுத்தால் வரன் கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாக விளம்பரங்கள் ஓதின. சென்னையில் இயங்கும் ‘உமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். கறுத்த தோலைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014இல் விதி வகுத்தது. 2020இல் கிரீமே தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ஐ உதறிவிட்டு ‘குளோ’ ஆனது. கிரீம் கம்பெனி வெட்கப்பட்டுப் பெயரை மாற்றிக்கொண்ட பிறகும் பட்டுக் கவுண்டரில் பழைய வாக்கியம் அப்படியே நிற்கிறது.

‘அப்படியானால் எந்த நிறமும் யாருக்கும் பொருந்துமா, சில புடவையில் முகம் வாடித் தெரிவதைக் கண்ணால் பார்த்திருக்கிறோமே’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வாடித் தெரிவது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் அழுத்தமான நிறம் என்று முடிவு கட்டுவதுதான் தப்பு. தோலின் பழுப்புக்கு மிக நெருங்கிய பிஸ்கட் நிறத்தைக் கட்டினால் முகமும் துணியும் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். சுண்ணாம்பு கலந்தது போன்ற சில வெளிர் நிறங்கள் கறுத்த மேனியில் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். மேலே விழும் வெளிச்சத்தைத் துணி கழுத்திலும் தாடையிலும் திருப்பி அடிப்பதால், பளபளக்கும் கிளிப்பச்சை சிலர் முகத்தில் பச்சை படியச் செய்யும். இதெல்லாம் ஆளுக்கு ஆள், துணிக்குத் துணி மாறும்.

இதற்காக, கறுத்தவர்கள் வெளிர் நிறத்தையே தொடக் கூடாது என்று விதியைத் தலைகீழாக்குவதும் அதே அபத்தம். கறுப்பின நடிகை லுபிடா நியோங்கோ 2014 ஜனவரியில் கோல்டன் குளோப் விழாவுக்குச் செக்கச் சிவந்த உடையில் வந்தார், மார்ச்சில் ஆஸ்கர் வாங்க வெளிர் நீலத்தில் வந்தார். இரண்டையும் உலகம் வாய்பிளந்து பார்த்தது.

இந்த நம்பிக்கைக்கு ஓர் ஒன்றுவிட்ட தங்கையும் உண்டு: ‘குண்டா இருந்தா குறுக்குக் கோடு கூடாது.’ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிவதைக் காட்டிவிட்டார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்ப்சன் அதையே உடை அணிந்த பெண் உருவங்களில் சோதித்தார். குறுக்குக் கோடு யாரையும் பருமனாக்கவில்லை. இருந்தும் எத்தனையோ பெண்கள் கண்டாங்கிக் கட்டத்தை ஆசையோடு தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறார்கள்.

தனக்கென்று ஒரு பாணி வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு இவற்றையெல்லாம்விட உருப்படியான உதாரணம் எம்.எஸ்.சுப்புலட்சுமி. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் அவருக்காகக் கொண்டுவந்த அந்த ஆழ்ந்த நீலம் ‘எம்.எஸ். புளூ’ என்றே கடைகளில் இன்றும் விலைபோகிறது. ஒரு நிறம் ஒருவருடைய அடையாளமாவது, பிடித்ததைத் தயங்காமல் திரும்பத் திரும்பக் கட்டுவதால்.

மற்றதெல்லாம் கைவேலை. கடையின் எல்.இ.டி. வெளிச்சத்தை நம்பாமல் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் தோளில் போட்டுப் பார்க்கலாம். நல்ல கடைக்காரர் யாரும் மறுக்கமாட்டார். முகத்தோடு உறவாடுவது ஜாக்கெட்டின் கழுத்தும் தோளில் விழும் முந்தியும்தான். ஆகவே ஆசைப்பட்ட நிறம் நெருக்கத்தில் சரிவரவில்லையென்றால் ஜாக்கெட்டை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி தையற்காரரிடம் இருக்கிறது. இருபதாயிரத்துக்குப் பட்டு எடுத்துவிட்டு, ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தோள் இறங்கி, கைக்குழி பிடித்து, முதுகில் சுருக்கம் விழுந்து புது ஜாக்கெட் வந்து சேர்கிறது. மண்டபத்தில் பார்க்கிற அத்தை சொல்வார்: “நான்தான் அப்பவே சொன்னேனே, இந்தக் கலர் அவளுக்கு எடுக்காதுன்னு.”