அலை மேல் ஒரு கிளப்

பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடும் கிளப்புகள் இங்கிலாந்தில் உண்டு. ஆடுகிறவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். "செங்கற்பட்டு வெயிலில் பனிக்கட்டிக்கு எங்கே போவது?" என்கிறீர்களா? நமக்குத்தான் கடல் இருக்கிறதே!

மாமல்லபுரம் போகிற வழியில் கோவளம். மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-ல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, நிபந்தனை உண்டு. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது! தேர்ந்தவர்கள் வெளியூராருக்குக் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். போட்டி வந்தால் பலகையும் கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். பாதி பிழைப்பு, பாதி ஆட்டம்.

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்துவிட்டது. அதில் வெண்கலம் வென்ற ரமேஷ் புதிஹால், அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர். அவர் அலையேறக் கற்றதும் கோவளத்தில்தான். ஆனால் அது கேரளத்துக் கோவளம்!

அடுத்த முறை கடற்கரைக் கோயிலுக்குப் போகும்போது நம் கோவளத்தில் சற்று இறங்குங்கள். உங்கள் பையன் பலகை கேட்டு அடம் பிடித்தால் நிபந்தனையைச் சொல்லுங்கள். சொல்லுமுன், உங்கள் கையில் சிகரெட் இருந்தால் அணைத்துவிடுங்கள், ஸார்!